பலாக்கொட்டைப் பாலும் பாய் வளைவும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பெயர் உள்ளது ஒன்றுக்குத்தான். முப்பத்தெட்டாவது வளைவு வந்ததும் கண்டக்டர் செல்வம் கம்பியைத் தட்டி, "பாய் வளைவு எறங்கறவங்க முன்னால வாங்க" என்பார். கீழ்ப்பக்கம் நாலைந்து வீடுகள் இருப்பதால் இறங்கவும் ஆள் இருக்கும். வெளியூர்க்காரர்கள் யாரோ பெரிய மகான் அங்கே அடங்கியிருக்கிறார் என்று நினைத்து ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொள்வார்கள். அங்கே அடங்கியது மகான் இல்லை, என் மச்சானின் வயிறு.

மச்சான் என்றால் என் அக்கா காமிலாவின் கணவர், அப்துல் அலீம். அடிவாரத்தில் மிளகு மண்டி வைத்திருக்கிறார். அதே கடைத்தெருவில் எனக்குப் பாத்திரக் கடை. கடையில் ஈ ஓட்டும் நேரமெல்லாம் மண்டியில் போய் உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்வதுதான் என் உபதொழில். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தம்பிக்காரனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் அப்புறம் என்ன உறவு.

மச்சான் நல்ல மனிதர். எடையில் ஏமாற்ற மாட்டார், தொழுகை தவற மாட்டார், மலையிலிருந்து மூட்டையோடு வருகிறவருக்கு டீ வாங்கித் தராமல் விலை பேச மாட்டார். ஒரே ஒரு குறை. தப்பு தன்னுடையது என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. தராசு ஏறுமாறாகக் காட்டினால் தரை சரியில்லை. காயப்போட்ட மிளகு மழையில் நனைந்தால் வானிலை சொன்னவன் சரியில்லை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டு, "சோப்ப இங்க போட்டது யாரு" என்று வீட்டையே நிறுத்தி வைத்து விசாரித்தார். அன்று காலை அந்த வீட்டில் அதுவரை குளித்தவர் அவர் ஒருவர்தான்.

நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீடுகளில் ஷீர் குருமா உண்டு. பாலைச் சுண்டக் காய்ச்சி, நெய்யில் வறுத்த சேமியா, பேரீச்சை, முந்திரி, ஏலக்காய் எல்லாம் போட்டு இறக்குவது. சில வீடுகளில் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார்கள். மச்சான் வீட்டில் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பதம். அதைக் காய்ச்சுவது அவர்தான், அக்காவை அடுப்புப் பக்கமே விடமாட்டார். பெருநாள் தொழுகை முடிந்ததும் பெரிய தூக்குச்சட்டி நிறைய எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறுவார். மலையில் நாலைந்து ஊர் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள், அதில் வளப்பூர் நாட்டில் ராசப்பன் வீடு. அப்பன் காலத்தில் மிளகு வாங்கப் போய்ப் பிடித்த பழக்கம். இப்போது ஒரு வருடம் மிளகே காய்க்காவிட்டாலும் பழக்கம் நிற்காது.

ராசப்பன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் வீட்டார் தொடுவார்கள். சந்தேகம் ஒன்றுமில்லை. மலை ஏறி வந்தவரை நிற்க வைத்துவிட்டு நாம் எப்படித் தின்பது என்கிற மரியாதைதான். அதனால் ஒவ்வொரு பெருநாளும் முதல் டம்ளர் மச்சானுக்கு.

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் மச்சானின் வயிறு பாலோடு சண்டை போட ஆரம்பித்தது. காலையில் டீ குடித்தால் மண்டிக்குள் மூட்டை உருட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். நான் மூட்டையைத் தேடுவேன், மச்சான் முறைப்பார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். "வயசானா சிலருக்குப் பால் செரிக்காதுங்க. நிறுத்திடுங்க" என்றார் அவர். வெளியே வந்ததும் மச்சான், "இந்த டாக்டருக்கு வயசு பத்தாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போன வருடப் பெருநாளன்று வீட்டில் ஒரு டம்ளர் குடித்தார். பள்ளிவாசல் வாசலில் யாரோ நீட்டினார்கள், அதையும் விடவில்லை. ராசப்பன் வீட்டில் வழக்கப்படி முதல் டம்ளர். அதன்மேல் ராசப்பனின் மனைவி பாப்பாயி ஆக்கிய சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் ஒரு பிடி பிடித்தார். திரும்பி வரும்போது முப்பத்தெட்டாவது வளைவில் எழுந்து நின்று, பாதிதான் வெளியே வந்த குரலில், "நிறுத்து" என்றார். செல்வம் விசில் ஊதினார். மச்சான் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் போனார்.

பஸ் நின்றது. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். பின்னால் வந்த லாரிக்காரர் தலையை நீட்டி, "பஞ்சருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. பாயி" என்றார் செல்வம்.

மச்சான் திரும்பி ஏறியபோது மொத்த பஸ்ஸும் அவரைப் பார்த்தது. கேலியாக இல்லை, கரிசனமாகத்தான். "ஏனுங்க பாய், என்ன ஆச்சுங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மச்சானின் வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்தது. "மேல சாப்பிட்ட சோறு ஒத்துக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அது மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறி, வளப்பூர் நாட்டில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கியது.

பாப்பாயி சாதாரண ஆளில்லை. அந்தப் பக்கம் கோயில் திருவிழா என்றால் பெரிய குண்டானில் சாமைச் சோறு பொங்குவது அவர்தான். சாமை கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும், கொஞ்சம் அவசரப்பட்டால் பல்லில் நிற்கும். பாப்பாயி கை வைத்தால் ஊரே உட்கார்ந்து தின்னும். அந்த ஆடியில் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் குற்றம் சொல்லவில்லை. "இந்த வருசம் நீ ரெஸ்ட் எடு கண்ணு, உனக்கெதுக்குச் செரமம்" என்றார்களாம். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். அதற்கப்புறம் பாப்பாயி விருந்தாளிகளுக்குச் சோறு போடுவதை விட்டுவிட்டார். யார் வந்தாலும் தண்ணீரும் வாழைப்பழமும்தான்.

மச்சானும் அதற்கப்புறம் மலை ஏறவில்லை. மிளகை லாரியில் வரவழைத்துக்கொண்டார். 'பாய் வளைவு' என்ற பெயர் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

இந்த வருடம் நோன்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே அக்கா பேச்சை எடுத்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதுமே. சோத்தால இல்ல, பாலாலதான்னு."

"ஆம்பளைக்கு வவுறு செரியில்லைன்னு நாலு பேர் முன்னால சொல்லச் சொல்றியா?"

"நாலு பேர் என்ன, ஒரு பஸ்ஸே பாத்துருச்சே."

மச்சான் இதற்கெல்லாம் மசிகிறவரா. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. "இந்தப் பெருநாளைக்குப் பால் இல்லாம ஷீர் குருமா காச்சறேன். மலைக்குப் போறேன், மொத டம்ளர் குடிக்கறேன், அதே பஸ்ஸுல திரும்பி வாரேன். வளைவுல பஸ்ஸு நிக்காது. எல்லாரும் தன்னால மறந்துருவாங்க."

"உங்க பேர மறந்துருவாங்க. பாப்பாயி பேரு?"

மச்சான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதுவும் அவருக்கு உதவவில்லை.

அன்றைக்கே சமையலறை ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. முதல் தகராறு நெய்யில் வந்தது. சேமியாவை வறுக்க மச்சான் நெய் ஜாடியைத் திறந்தார். "நெய்யும் பால்லருந்துதான் வருது" என்றாள் அக்கா. "பால் வேற, நெய் வேற. கறந்தா நெய்யா வருது?" என்றார் மச்சான். அரை மணி நேரம் வாதாடிவிட்டுக் கடலெண்ணெயில் வறுத்தார். வீடு முழுக்கப் பஜ்ஜி வாசம் அடித்தது. பக்கத்து வீட்டில் நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பஜ்ஜி வரும் என்று காத்திருந்து ஏமாந்தார்கள்.

முதலில் தேங்காய்ப்பால். அக்கா தெளிவாகச் சொன்னாள், கொதிக்க விடாதீர்கள் என்று. "பாலுன்னா பொங்கணும்" என்று மச்சான் தளதளவென்று கொதிக்க விட்டார். திரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. தேங்காய் முற்றல் என்றார். இரண்டாம் முறை அக்கா பக்கத்தில் நின்று அடுப்பைக் குறைத்தாள், அருமையாக வந்தது. அடுத்து நிலக்கடலையை ஊறவைத்து அரைத்த பால். பச்சை வாடை போகவில்லை, ஏலக்காயைக் கொட்டக் கொட்ட ஏலக்காய் போட்ட பச்சை வாடையாக மாறியது. சாமைப் பால் கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரி. கேழ்வரகுப் பாலில் பேரீச்சையைப் போட்டதும் இரண்டும் ஒரே நிறமாகி, எது எங்கே இருக்கிறது என்று கையை விட்டுத்தான் தேட வேண்டியிருந்தது. கடைசியில் பலாக்கொட்டைப் பால். போன பருவத்துக் கொட்டையை மலையில் மண்ணுக்குள் போட்டு வைத்திருப்பார்கள், அதில் ஒரு பை மண்டிக்கு வந்திருந்தது. வேகவைத்து, தோலுரித்து, அரைத்து, வடிகட்டினார். சினிமா போஸ்டர் ஒட்டுகிற பசையைத்தான் சக்கரை போட்டுக் காய்ச்சிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது.

எது நல்லது என்று முடிவு செய்வதில்தான் சிக்கல். பகலெல்லாம் மச்சானுக்கு நோன்பு, ருசி பார்க்க முடியாது. சாயங்காலம் நோன்பு திறந்த வாய்க்குக் குழாய்த் தண்ணீரே தேனாக இருக்கும். அஞ்சையும் வரிசையாகக் குடித்துவிட்டு அஞ்சும் பிரமாதம் என்றார். எனக்கும் அதே கதைதான். அக்கா மட்டும், "தேங்காப்பால்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றாள். அவள் சொன்னதாலேயே அதை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆகவே மலையிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்களை நடுவராக்கினார். அறுவடை நேரம், தினமும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். நோன்பு பிடித்த ஒரு பருத்த மனிதர் காய்ந்த உதட்டோடு நின்று, ஒவ்வொருவருக்கும் அஞ்சு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, அவர்கள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும். குடித்தவர்களுக்கு அந்தப் பார்வையிலேயே விக்கல் வந்தது.

"எப்படி?" என்பார் மச்சான்.

"நல்லாருக்குதுங்க பாய்."

"இது?"

"இதும் நல்லாருக்குதுங்க."

மலைக்காரர்கள் ஒருவர் கொடுத்ததை அவர் முகத்துக்கு நேராக நன்றாயில்லை என்று சொல்ல மாட்டார்கள். கழுத்தைப் பிடித்தாலும் வராது. பச்சை வாடைக் கடலைப் பாலைக் குடித்துவிட்டுக் கண்ணில் நீர் நிற்க, "நல்லாருக்குதுங்க" என்றார் ஒருவர்.

மச்சான் யோசித்தார். மண்டியில் விலை பேசும்போது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்று தோள் துண்டை விரித்து, அதற்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வாய் ஆயிரம் சொல்லும், துண்டுக்குள் விரல் பொய் சொல்லாது. பொய் சொன்னவன் அடுத்த வாரம் மண்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது. மச்சான் துண்டை விரித்தார். மோசம் என்றால் ஒரு விரல், பிரமாதம் என்றால் அஞ்சு.

அன்றிலிருந்து உண்மை வெளிவர ஆரம்பித்தது. ஆனால் வந்த உண்மை ஒரு தினுசாக இருந்தது. குண்டனி நாட்டுக்காரர்கள் சாமைப் பாலுக்கு அஞ்சு விரல் கொடுத்தார்கள், மற்றதற்கெல்லாம் ஒன்று. பெரக்கரை நாட்டுக்காரர்கள் கேழ்வரகுக்கு அஞ்சு, மற்றதற்கு ஒன்று. வளப்பூர் நாட்டுக்காரர்கள் பலாக்கொட்டைக்கு அஞ்சு விரலும் கொடுத்துவிட்டு, போதாதென்று மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தார்கள். தேங்காயும் நிலக்கடலையும் கீழ்நாட்டுச் சரக்கு. அதற்கு விரல் கொடுக்க யாருக்கும் மனமில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. சொந்த ஊர்ச் சரக்கு அவர்கள் நாக்குக்கு நிஜமாகவே இனித்தது. அந்த வாரம் வளப்பூர்க்காரர்கள் ஒரு ஜீப் நிறைய வந்தார்கள். பலாக்கொட்டைப் பால் பெருவாரியான விரல் வித்தியாசத்தில் வெற்றி பெற்றது.

"மக்கள் தீர்ப்பு" என்றார் மச்சான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெருநாளன்று தொழுகை முடிந்ததும் தூக்குச்சட்டியோடு கிளம்பினார். அக்கா என்னையும் கூட அனுப்பினாள். "ராசப்பண்ணனையும் பாப்பாயியையும் கையோட கூட்டிட்டு வா. விருந்து நம்ம ஊட்டுல. போன்ல சொல்லிட்டேன். அவரு வாயத் தொறந்து சொல்றாரான்னும் பாரு" என்றாள். அதாவது நான் பாதி துணை, பாதி உளவாளி.

பஸ்ஸில் ஏறும்போதே செல்வம், "பாய் வளைவுக்காங்க, வளப்பூருக்காங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மச்சான் கேட்காத மாதிரி டிக்கெட் வாங்கினார். முப்பத்தெட்டாவது வளைவில் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ராசப்பன் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து தூக்கை வாங்கிக்கொண்டார். ஒல்லியான மனிதர், மச்சானைப் பார்த்த சந்தோஷத்தில் வேகமாக நடந்து நடந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். வாசலில் பாப்பாயி நின்றார். "வாங்க பாயி, வாங்க தம்பி" என்றார். பாய் விரித்தார். ஒரு செம்புத் தண்ணீரும் சீப்புப் பழமும் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க ஊட்டுல சோறு ஆக்கலீங்க. தண்ணி மட்டும் குடிங்க, பாயி. காச்சுன தண்ணிதானுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சின தண்ணீர் என்று கூடுதலாக ஒரு வார்த்தை சேர்த்தார் பாருங்கள், அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்பு துடைத்துக் கோலம் போட்டாற்போல் இருந்தது. கீழே விருந்து இருக்கிறதென்று அவர்களும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மச்சான் செம்பைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "இந்த வருசம் புதுசாக் காச்சியிருக்கேன்" என்று தூக்குச்சட்டியைத் திறந்தார்.

முதல் டம்ளர் அவர் குடித்தார். பாதியில் தொண்டை ஒரு முறை யோசித்த மாதிரி நின்று, பிறகு இறங்கியது. ராசப்பனுக்கு ஊற்றினார். ராசப்பன் குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க பாய்" என்றார்.

"அப்ப இன்னொரு டம்ளர்."

"வேணாமுங்க." ஆனால் டம்ளர் நிறைந்துவிட்டது. ராசப்பன் குடித்தார். "நல்லாருக்குதுங்க." இன்னொன்று நிறைந்தது. நல்லாருக்குது என்று சொன்னால் ஊற்றுவார் என்பது ராசப்பனுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பாப்பாயி ஒரு வாய் வைத்துவிட்டு மீதியைக் கட்டுத்தறியில் நின்ற கன்றுக்குட்டியிடம் நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அந்த வீட்டில் அன்று மனதில் பட்டதைச் சொன்னது அது ஒன்றுதான். நான் என் டம்ளரை வாழை மரத்தடியில் காலி செய்தேன். வாழை எதுவும் சொல்லவில்லை.

மச்சானுக்கே லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தோள் துண்டை விரித்தார். "வாயால வேண்டாம் ராசப்பா. விரல்ல சொல்லு."

ராசப்பன் துண்டுக்குள் கையை விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வேர்வை. மச்சானின் முகம் மலர்ந்தது. அஞ்சு விரல். துண்டுக்குள் பொய் சொன்ன ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன். நட்புக்காகச் சொன்னார், அதைச் சொல்லிவிட்டு இன்னொரு டம்ளரும் குடித்தார்.

மதிய பஸ்ஸில் நாலு பேரும் மலை இறங்கினோம். பெண்கள் சீட்டில் கூடையோடு பாப்பாயி, எதிரே ராசப்பனும் மச்சானும், பின்னால் நான். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற சாலை, வெறும் வயிற்றில் நாலைந்து டம்ளர் பலாக்கொட்டை. அறுபதாவது வளைவில் ராசப்பன் பேச்சை நிறுத்தினார். ஐம்பதில் கம்பியைப் பிடித்தார். நாற்பதில் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் மட்டும் உற்சாகமாக இருந்தார். ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டதால் அவர் வயிறு அன்று குழந்தை மாதிரி தூங்கியது. முப்பத்தெட்டு நெருங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பஸ் தன் வளைவைத் தாண்டிப் போகும் அழகைப் பார்க்கத் தயாரானார்.

"நிறுத்துங்க" என்றது ஒரு குரல். ராசப்பனுடையது.

செல்வம் விசில் ஊதினார். ராசப்பன் இறங்கி, அதே உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் போனார். டிரைவர் இந்தத் தடவை யோசிக்காமல் உடனே இன்ஜினை அணைத்தார்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. பின் சீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள், "ஏனுங்க, ராசப்பண்ணனுக்கும் அதேதானுங்களா? அந்தக்கா கைச் சோறா?"

மச்சான் பாப்பாயியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம் அந்த அம்மாள். தூக்குச்சட்டி மச்சானின் மடியிலேயேதான் இருந்தது, விரலை நீட்டினால் போதும். அவர் நீட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆமாங்க. எம்பட சோறுதான். வேறென்ன" என்றார்.

ஒரு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரல் அது. மச்சான் எழுந்து நின்றார். தூக்குச்சட்டி உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. போன வருடமும் இதே இடத்தில் இப்படித்தான் எழுந்தார் என்பதால், செல்வம் அவசரமாக வழிவிட்டார். மச்சான் இறங்கவில்லை. படிப்பக்கம் நின்று பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார்.

"சிரிக்காதீங்க" என்றார். "அந்த ஊட்டுல இன்னிக்கி அடுப்பே பத்த வெக்கல. ராசப்பன் வவுத்துல இருக்கறது நான் கொண்டு போன பலாக்கொட்டைப் பாலு. நல்லா இல்ல. நல்லா இல்லாதத அவன் எனக்காகக் குடிச்சான்."

அதோடு விட்டிருந்தாலே பெரிய விஷயம். அவர் விடவில்லை.

"போன வருசமும் சோத்தால இல்ல. எனக்குப் பாலு ஆகாது. டாக்டரு சொல்லியும் கேக்காம மூணு டம்ளர் குடிச்சேன். சோறு மேல பழி போட்டது நானு. பாப்பாயி சோத்துல ஒரு கொறையும் இல்ல. தப்பு என்னுது."

எங்கள் குடும்பத்தில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் வாயால் கேட்டவன் நான் ஒருவன்தான். அக்காவிடம் சொன்னால் நம்ப மாட்டாள் என்று செல்போனை எடுத்தேன், அதற்குள் முடிந்துவிட்டது.

புதருக்குப் பின்னாலிருந்து ராசப்பனின் குரல் வந்தது. "பாய், அதெல்லாம் இப்ப எதுக்குங்க... தண்ணி இருந்தாக் கொண்டாங்க."

மச்சான் யார் மடியிலிருந்தோ ஒரு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அந்த உடம்பு ஓடி நான் பார்த்ததில்லை. கைலி தடுக்கியது, புதருக்குள் சறுக்கியது, "பாத்துங்க, பாத்துங்க" என்று ராசப்பன் உள்ளேயிருந்து சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்து ஏறினார்கள்.

செல்வம் தலையைச் சொறிந்தார். "வளைவுக்குப் பேர மாத்திரலாமுங்களா, பாய்?"

"இருக்கட்டும்" என்றார் மச்சான். "என்னோடதுதான."

பஸ் நகர்ந்தது. பின் சீட்டில் கேட்ட ஆள் எழுந்து வந்து, எதற்கென்று சொல்லாமல், பாப்பாயியின் பக்கத்தில் இருந்த கூடையைத் தூக்கி மேலே பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். பாப்பாயி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடிவாரத்து வீடுகள் தெரிய ஆரம்பித்தபோதுதான் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம மலைக்கு வாங்க, பாயி. சாமைச் சோறு ஆக்கி வெக்கறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "வெறுங்கையோட வாங்க."